உள்ளே உயிர் இருக்கு... கவனம்!

ஹாஸ்டல் ரூமில் என்னவெல்லாம் செய்யலாம்? விடிய விடிய அரட்டை அடிக்கலாம். வார்டன் கண்ணில் படாமல் நூடுல்ஸ் கிண்டலாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 1957-ல் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரத்தில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் சாங் என்ற மாணவர் வேறு ஒரு காரியம் செய்தார். தன் விடுதி அறையையே லேபாக மாற்றிக்கொண்டு, உலகத்தின் முதல் செயற்கை செல்லை உருவாக்கிவிட்டார்!

கருவிகள் என்ன தெரியுமா? சென்ட் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒன்று. பருத்தியில் இருக்கும் செல்லுலோஸிலிருந்து தயாரிக்கிற கொலோடியன் என்ற பசை. இதை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி பலூன்களைச் செய்து, அவற்றுக்குள் ரத்தத்தின் ஹீமோகுளோபினை அடைத்தார் சாங். டிகிரி முடிக்கக் கொடுத்த புராஜெக்ட்தான் அது. ஆனால், 1964-ல் அந்த வேலை 'சயின்ஸ்' இதழில் கட்டுரையாக வந்தது. அதன் பிறகு அவர் கிளப்பிய ஒரு யோசனைதான் இன்றைக்கு நம் விஷயம். அந்த பலூனுக்குள் ஹீமோகுளோபினுக்குப் பதிலாக உயிருள்ள செல்லையே அடைத்தால்? அதை அப்படியே நோயாளியின் உடம்புக்குள் வைத்துவிட்டால்?

அதாவது, மருந்து அடைத்த கேப்ஸ்யூல் இல்லை பாஸ்... மருந்து தயாரிக்கிற தொழிற்சாலையையே அடைத்த கேப்ஸ்யூல்!

இது யாருக்குத் தேவை?

உங்கள் கிளாஸிலேயே ஒருவர் இருக்கலாம். கேன்டீனில் தட்டு வந்ததும் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து, சட்டையை லேசாகத் தூக்கி, வயிற்றில் ஒரு குத்து குத்திக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சாம்பாரை ஊற்றிக்கொள்வார். அது இன்சுலின் பேனா. அவருக்கு இருப்பது டைப்-1 சர்க்கரை நோய். 'சின்ன வயசில் ஸ்வீட் ஜாஸ்தி சாப்பிட்டியா?' என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நம் கணையத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் குட்டித் தீவுகள் இருக்கின்றன. 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் இவற்றை மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்து, டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. (ஆக, இந்தக் கதையில் இதுவரை வந்த இரண்டு ஹீரோக்களும் ஸ்டூடன்ட்ஸ்தான்!) இவை எதற்கு இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சதா மோப்பம் பிடித்து, தேவையான அளவு இன்சுலினை விடுவதுதான் இவற்றின் வேலை என்பது பின்னால்தான் புரிந்தது. டைப்-1 ஆட்களுக்கு என்ன ஆகிறது என்றால், கிருமிகளை அடிக்க வேண்டிய உடம்பின் சொந்தக் காவல் படையே, ஏதோ குழப்பத்தில், இந்தத் தீவுகளில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தேடித் தேடி அழித்துவிடுகிறது. அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஊசிதான். இந்தியாவில் கோடிக்கணக்கான பேருக்கு இருப்பது பெரும்பாலும் டைப்-2. அந்தக் கதை வேறு. இந்தக் கட்டுரை முழுக்க டைப்-1 பற்றித்தான் பேசுகிறோம்.

'ஊசி போட்டால் சரியாகிவிடுகிறதே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். 1922-ல் டொரன்டோவில் முதல் முறையாக ஒரு பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டதிலிருந்து எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. மறுக்கவே முடியாது. ஆனால், ஊசிக்கு மோப்ப சக்தி கிடையாது. இன்றைக்கு எவ்வளவு சாப்பிடப் போகிறோம், கிரிக்கெட் ஆடுவோமா, ஜுரம் வருமா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு, அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் நோயாளிதான். கணக்கு கொஞ்சம் பிசகினால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். தூக்கத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எத்தனை அம்மாக்கள் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள்! இப்போது சென்ஸாரும் பம்ப்பும் வந்து அந்த வேலையைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன. வாங்க முடிந்தவர்களுக்கு.

அப்படியானால், அழிந்துபோன தீவுகளுக்குப் பதிலாகப் புதுத் தீவுகளை வைத்துவிட்டால்? இந்த ஆசை இன்சுலினைவிடப் பழசு! 1893 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வாட்சன் வில்லியம்ஸ் என்ற டாக்டர், செத்துக்கொண்டிருந்த 15 வயதுப் பையன் ஒருவனின் தோலுக்கடியில் ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துப் பார்த்தார். மூன்று நாளில் பையன் இறந்துபோனான். அந்நியப் பொருளைக் கண்டால் நம் காவல் படை சும்மா இருக்காது என்ற விஷயமே அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது.

நூறு வருஷம் தாண்டி 2000-ல், கனடாவின் எட்மன்டன் நகரத்தில் ஜேம்ஸ் ஷாப்பிரோவின் குழு அந்த ஆசையைச் சாதித்துக் காட்டியது. இறந்தவர்கள் தானமாகத் தந்த கணையங்களிலிருந்து தீவுகளைப் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். ஏழு நோயாளிகள். ஏழு பேருமே இன்சுலின் ஊசியை விட்டார்கள்! உலகமே கைதட்டியது. ஆனால், ஒரு ஆளுக்கு ரெண்டு கணையமாவது தேவைப்பட்டது. இரவல் செல்களைக் காவல் படை அடித்துவிடாமல் இருக்க, அந்தப் படையையே மந்தமாக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டும். அந்த மாத்திரை சும்மா இருக்குமா? தொற்று சுலபமாக வரும், கிட்னி கெடலாம், சில வகைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடும். ஊசியால் சமாளிக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை கீழே விழுகிறவர்களுக்கு இந்த பேரம் கட்டுப்படியாகும். பத்து வயசுப் பிள்ளைக்கு? எந்த டாக்டரும் யோசிப்பார்.

கொசுவலை டெக்னிக்

இங்கேதான் சாங் சொன்ன பலூன் உள்ளே நுழைகிறது. கொசுவலை எப்படி வேலை செய்கிறது? காற்று வரும், போகும். கொசு வராது. அதே மாதிரி ஒரு வலைக்குள் செல்களை வைத்தால், தேவையானது மட்டும் போய்வரும். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. இன்சுலினுக்குச் சுமார் 5,800. காவல் படையின் ஆயுதங்களில் ஒன்றான ஆன்டிபாடிக்குச் சுமார் 1,50,000. படையின் செல்களோ இவற்றோடு ஒப்பிட்டால் மலை! ஆக, ஓட்டையின் அளவைச் சரியாக வைத்துவிட்டால் சர்க்கரை உள்ளே வரும், இன்சுலின் வெளியே போகும், அடியாட்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மந்தமாக்கும் மாத்திரையும் வேண்டாம். கேட்கவே எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

வலையை எதில் செய்வது? கடல்பாசியில்! ஜிகர்தண்டாவில் மிதக்குமே, அது இல்லை. அது வேறு பாசி. இது பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கிறார்களே, கட்டக்கோரை என்று, அதுவும் ஆல்ஜினேட் எடுக்கத்தான் போகிறது. (உடம்புக்குள் வைக்கிற ரகம் இதைவிடப் பல மடங்கு சுத்தம் செய்யப்பட்டது.) சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் செல்களைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த நிமிஷத்தில் ஜவ்வரிசி மாதிரி ஜெல் உருண்டையாகிவிடும். செல்கள் உள்ளே பத்திரம். செல் இல்லாமல் வெறும் உருண்டையை உங்கள் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபிலேயே செய்து பார்க்கலாம். நிஜமாகவே அவ்வளவு ஈஸி.

1980-ல் பிராங்க்ளின் லிம், அந்தோணி சன் இருவரும் இப்படித்தான் எலியின் தீவுகளை உருண்டையாக்கி, மேலே இன்னொரு பூச்சும் பூசி, சர்க்கரை நோய் வந்த எலிகளின் வயிற்றுக்குள் விட்டார்கள். உருண்டை இல்லாமல் வைத்த தீவுகள் ஒரு வாரம்கூட ஒழுங்காகத் தாங்கவில்லை. உருண்டைக்குள் இருந்தவை ரெண்டு மூன்று வாரம் வேலை செய்தன. 'சயின்ஸ்' இதழில் அது வந்தபோது, இன்னும் பத்து வருஷத்தில் ஊசிக்கு டாட்டா என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1993-ல் மனிதருக்கும் வைத்துப் பார்த்தாயிற்று. லாஸ் ஏஞ்சலீஸில் பேட்ரிக் சூன்-ஷியாங் என்ற டாக்டர் செய்தார். (பிற்பாடு மருந்து பிசினஸில் பெரும் பணக்காரராகி, 2018-ல் 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' பத்திரிகையையே விலைக்கு வாங்கியவர் இவர்தான்.) அந்த நோயாளி ஒன்பது மாதத்தில் இன்சுலினை விட்டார். ஆனால், அவர் ஏற்கெனவே கிட்னி மாற்றிக்கொண்டவர். படையை மந்தமாக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அப்படியிருக்க, காப்பாற்றியது உருண்டையா, மாத்திரையா என்று எப்படிச் சொல்வது?

முத்து விளைகிற வினை

சரி, லிம்மும் சன்னும் செய்துகாட்டி 45 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஏன் இன்னும் உங்கள் நண்பர் கேன்டீனில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்?

முதல் வில்லன், உடம்பின் பிடிவாதம். சிப்பிக்குள் ஏதாவது துரும்பு புகுந்தால் என்ன நடக்கும்? அடுக்கு அடுக்காகப் பூசி முத்தாக்கிவிடும். நம் உடம்பும் அதையேதான் செய்கிறது. 'உள்ளே வரவிடவில்லையா? சரி, உன்னையே மூடிவிடுகிறேன்' என்று உருண்டையைச் சுற்றித் தழும்புத் திசுவைக் கட்டிவிடுகிறது. அப்புறம் வலையில் ஓட்டை இருந்து என்ன பிரயோஜனம்? உள்ளே இருப்பவை மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான்.

ரெண்டாவது வில்லன் அந்த மூச்சு முட்டலேதான். தழும்பே வரவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இது தீராது. கணையத்தில் எடையைப் பார்த்தால் இந்தத் தீவுகள் நூற்றுக்கு ஒன்றோ ரெண்டோதான். ஆனால், கணையத்துக்கு வரும் ரத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவிகிதத்தை இவையே வாங்கிக்கொள்ளும். அவ்வளவு ஆக்சிஜன் பசி! ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரம் தாண்டிவிட்டாலே செல்லுக்கு ஆக்சிஜன் திண்டாட்டம்தான். நாமோ வலை போட்டு ரத்தக் குழாயை உள்ளேயே வரவிடாமல் செய்துவிட்டோம். காவல் படையைத் தடுக்கிற அதே சுவர்தான் சாப்பாட்டு வண்டியையும் தடுக்கிறது. இந்தத் துறையின் மொத்தத் தலைவலியும் இதுதான். உள்ளே இருக்கிற செல்லைவிட, சுற்றியிருக்கிற சுவர்தான் பெரிய சிக்கல். அதனால்தான் இந்த லேப்களில் பயாலஜி ஆட்களுக்குச் சமமாக பாலிமர் ஆட்களும் கெமிக்கல் இன்ஜினீயர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, இதற்காக மனிதர்கள் போட்ட பிளான்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். பீட்டா-ஓ2 என்ற இஸ்ரேல் கம்பெனி, தீவுகளோடு ஒரு ஆக்சிஜன் டப்பாவையும் சேர்த்து உடம்புக்குள் வைத்தது. வண்டிக்கு பெட்ரோல் போடுகிற மாதிரி தினமும் வெளியிலிருந்து ஆக்சிஜன் நிரப்ப வேண்டும்! ஜெர்மனியில் ஒரு நோயாளியிடம் அது பத்து மாதம் இருந்தது. செல்கள் உயிரோடு இருந்தன, இன்சுலினும் சுரந்தது. ஆனால், தினசரி ஊசிக்குப் பதில் தினசரி ஆக்சிஜன் என்றால் எத்தனை பேர் சரி என்பார்கள்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ராபர்ட் லாங்கர், டேனியல் ஆண்டர்சன் குழுவினர் தழும்பு வில்லனைக் குறிவைத்தார்கள். ஆல்ஜினேட்டை வேதியியல் ரீதியாக எழுநூற்றுக்கும் அதிகமான விதங்களில் மாற்றி மாற்றிச் செய்து, எதை உடம்பு கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று தேடினார்கள். கூடவே ஒரு ஆச்சரியமும் கிடைத்தது. உருண்டை சின்னதாக இருந்தால்தான் நல்லது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, ஒன்றரை மில்லிமீட்டர் பெரிய உருண்டைகளில்தான் தழும்பு குறைவாக வந்தது! 2016-ல் இந்தப் புது ஆல்ஜினேட்டுக்குள் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களை வைத்து, எலிகளுக்கு 174 நாள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஆனால், இதே அடிப்படையில் ரத்தம் உறையாமை நோய்க்காக சிஜிலான் என்ற கம்பெனி உருண்டைகளைச் செய்து மனிதர்களுக்கு வைத்தபோது, ஒருவரிடமிருந்து எடுத்துப் பார்த்த உருண்டைகளைச் சுற்றி மறுபடியும் அதே தழும்பு. எலி வேறு, மனிதன் வேறு!

நடுவில் நியூசிலாந்தின் பன்றிக் கதை ஒன்று உண்டு. தானக் கணையம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், 1996-ல் அங்கே ஒரு 41 வயது நோயாளியின் வயிற்றுக்குள் உருண்டையிலிட்ட பன்றித் தீவுகளை வைத்தார்கள். (இன்சுலின் விஷயத்தில் பன்றி நமக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்.) அவருக்கு இன்சுலின் தேவை 30 சதவிகிதம் வரை குறைந்து, ஒரு வருஷத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. தோல்விதான். ஆனால், ஒன்பதரை வருஷம் கழித்து வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால், சில உருண்டைகளில் பன்றியின் செல்கள் இன்னும் உயிரோடு இருந்தன! படையை மந்தமாக்கும் மாத்திரை ஒன்றுகூட இல்லாமல். அதற்குள் 'பன்றி வைரஸ் மனிதனுக்குத் தொற்றிவிட்டால்?' என்ற பயம் கிளம்பியிருந்தது. எனவே, ஆராய்ச்சியாளர்கள் நோய் தெரியாத பன்றியைத் தேடினார்கள். கிடைத்தது! 19-ம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள், கப்பல் உடைந்து ஒதுங்குகிறவர்களுக்குச் சாப்பாடாகட்டும் என்று ஆக்லண்ட் தீவுகளில் விட்டுவிட்டுப் போன பன்றிகளின் வாரிசுகள். ஆளே இல்லாத குளிர்த் தீவில் தனியாகவே கிடந்ததால், ஊர்ப் பன்றிகளின் வழக்கமான வைரஸ்கள் அவற்றை அண்டவில்லை. 1999-ல் ஒரு சின்னக் கூட்டத்தைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்து ராஜ மரியாதையோடு வளர்த்தார்கள். அந்தப் பன்றிகளின் தீவுகளும் நோயாளிகளுக்குப் போயின. கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால், ஊசியை ஒழிக்கவில்லை.

ஒரே மாதம், ரெண்டு ரிசல்ட்

2025 மார்ச். இந்தத் துறைக்கு இப்படி ஒரு மாதம் இதற்கு முன்னால் வந்ததில்லை.

மாத ஆரம்பத்தில், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, 'என்செல்ட்டோ' என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. உயிருள்ள செல்களை உறைக்குள் அடைத்து உடம்பில் வைக்கும் சிகிச்சை ஒன்று அங்கே அனுமதி வாங்கியது அதுதான் முதல் முறை. ஆனால், அது சர்க்கரைக்கு இல்லை. கண்ணுக்கு! 'மேக்டெல்' என்ற அரிய விழித்திரை நோய் ஒன்று உண்டு. நடுத்தர வயதில் வரும். பார்வையின் நடுப்பகுதியை மெதுவாகத் தின்னும். படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் சிரமமாகிவிடும். என்செல்ட்டோ என்பது ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு குட்டிக் குழாய். அரிசி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணுக்குள் வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான செல்கள் விழித்திரையைக் காக்கும் ஒரு புரதத்தை வருஷக் கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். போன பார்வை திரும்பாது. நோயின் வேகம் குறையும். ரெண்டு வருஷச் சோதனைகளில், விழித்திரை செல்கள் அழியும் வேகம் ஒன்றில் பாதிக்கு மேலும், இன்னொன்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது.

அந்தக் குழாய்க்குள் இருக்கும் செல்கள் யாருடையவை தெரியுமா? 1986-ல் அமெரிக்காவில் ஒரு பையனின் கண்களிலிருந்து எடுத்து வளர்க்க ஆரம்பித்த செல் பரம்பரை அது. ஏ.ஆர்.பி.இ-19 என்று பெயர். வாகன விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தவர் அவர். பெயர் எங்கும் பதிவில் இல்லை. வயது மட்டும் இருக்கிறது. 19. அதாவது, உங்கள் வயது. அவர் கண்ணின் செல்கள் கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக லேப்களில் பெருகிப் பெருகி, இப்போது முன்பின் தெரியாத யார் யாருடைய கண்ணுக்குள்ளோ உட்கார்ந்து வேலை பார்க்கின்றன.

கண்ணில் ஜெயித்ததற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குள் காவல் படையின் கெடுபிடி இயல்பாகவே குறைவு. தேவைப்படும் மருந்தும் துளியூண்டு. இந்த செல்கள் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் முரட்டு ரகம். நேரத்துக்கு நேரம் அளவை மாற்றிச் சுரக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்சுலினுக்கு இதில் ஒன்றுகூட சாதகம் இல்லை பாருங்கள். எட்மன்டன் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் பத்தாயிரம் தீவுகள் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஆறு லட்சம்! அத்தனைக்கும் ஆக்சிஜன், அத்தனையும் சில நிமிஷங்களில் சர்க்கரையைப் புரிந்து சுரக்க வேண்டும்.

அதே மார்ச் மாதக் கடைசியில் அந்தக் கணக்கு தன் வேலையைக் காட்டிவிட்டது. வெர்டெக்ஸ் என்ற பெரிய கம்பெனி, ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த தீவுகளைத் தட்டையான ஒரு பைக்குள் வைத்து நோயாளிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் போதுமான இன்சுலின் சுரக்கவில்லை என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே கம்பெனி, அதே மாதிரி செல்களைப் பையே இல்லாமல், எட்மன்டன் பாணியில் கல்லீரலுக்குள் செலுத்திய சோதனையின் முடிவு சில மாதங்களில் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள்! செல் நல்ல செல்தான். சுவர்தான் காலை வாரிவிட்டது. ஆனால், அந்தப் பத்துப் பேரும் படையை மந்தமாக்கும் மாத்திரையை விழுங்கியாக வேண்டும்.

'இன்னார் ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் ஊசி போட்டு சர்க்கரையை வேரோடு எடுத்துவிடுகிறார்களாம்' என்று யாராவது உங்கள் நண்பரின் வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டுவந்தால், இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் பெரிய கம்பெனிகளே இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கின்றன. நம் ஐ.சி.எம்.ஆர் 2017-ல் போட்ட விதிகளின்படி, சில ரத்த நோய்கள் போன்ற அனுமதிக்கப்பட்டவை தவிர, மற்றதற்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்பது பதிவு செய்த ஆராய்ச்சியில் மட்டும்தான். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கவும் கூடாது. லட்ச ரூபாய் கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை, வியாபாரம்.

இதற்கிடையில் சுவரே வேண்டாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. செல்லின் மரபணுவையே மாற்றி, காவல் படையின் கண்ணுக்கு அது அந்நியனாகவே தெரியாதபடி வேஷம் கட்டிவிடுவது அவர்கள் பிளான். ஸ்வீடனின் உப்சாலா நகரத்தில், சிறு வயதிலிருந்தே டைப்-1 உள்ள 42 வயதுக்காரர் ஒருவரின் முன்கைத் தசைக்குள் அப்படிப்பட்ட தீவுச் செல்களை ஊசியால் வைத்தார்கள். 2025-ல் ரிசல்ட் வெளியானது. உருண்டை இல்லை, பை இல்லை, மந்தமாக்கும் மாத்திரை இல்லை. மூன்று மாதம் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்தன. சர்க்கரை ஏறினால் இன்சுலினையும் சுரந்தன. பரிசோதனை என்பதால் வேண்டுமென்றே கொஞ்சமாகத்தான் வைத்திருந்தார்கள். அதனால் அவர் ஊசியை விடவில்லை. அடுத்து முழு அளவு வைத்துப் பார்க்க வேண்டும். வேஷம் போட்ட செல் என்றைக்காவது புற்றுநோயாக மாறினால் காவல் படைக்கே அடையாளம் தெரியாதே என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும். உருண்டைக்காரர்கள் இப்போது அந்தக் கேள்வியைத்தான் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.